‘எங்கே நிற்கிறது?’ – தொடங்க மறுத்த சர்வர் நடத்திய பாடம்

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு எட்டே நாள் இருந்தது. திங்கட்கிழமை காலை கணினி ஆய்வகத்தைத் திறந்து சர்வரை இயக்கினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, ஒரு வரியில் நின்றுவிட்டன. அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினேன். அதே வரி. மூன்றாம் முறையும் அதே வரிதான்.

திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். சர்வர் என்றதும் பெரிய இயந்திரமாக நினைக்க வேண்டாம். நன்கொடையாக வந்த கணினி ஒன்றில் உபுண்டு லினக்ஸ் நிறுவி, மாணவர்கள் எழுதும் பைத்தான் நிரல்களையும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளங்களையும் அதில் சேமித்து வந்தோம். 46 பிள்ளைகளின் பல மாத உழைப்பு அதற்குள் இருந்தது. வேறு நகல் எடுத்து வைக்கவில்லை. அது என் முதல் தவறு.

இரண்டாவது தவறு வெள்ளிக்கிழமை மாலை நடந்தது. இயக்க அமைப்பைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்திருந்தேன். நடுவில் ‘வட்டில் இடமில்லை’ என்று ஒரு பிழைச்செய்தி வந்தது. பள்ளி விடும் மணி அடித்துவிட்டதால், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

தெரிந்த சர்வீஸ்காரரை அழைத்துக் கேட்டேன். “ஃபார்மட் பண்ணி புதுசா ஏத்திடலாம் சார், ஒரு மணி நேர வேலை” என்றார். ஃபார்மட் செய்தால் பிள்ளைகளின் வேலை மொத்தமும் போய்விடும். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோது, ஒரு மாணவி கேட்டாள்:

“சார், எங்கப்பா டிரெய்லர் ஓட்டுறாரு. எண்ணூர் ரோட்டுல வண்டி வரிசை நகரலைன்னா, ‘எங்க நிக்குது?’ன்னுதான் முதல்ல கேப்பாங்க. ஹார்பர் கேட்டுலயா, பேப்பர் செக்கிங்லயா, இல்ல முன்னாடி வண்டி பிரேக்டவுனான்னு. இது எங்க நிக்குது சார்?”

அந்தக் கேள்விதான் அன்று எங்களுக்கு வழிகாட்டியது.

ஆறு நிலைகள்

கணினித் தொடக்கத்தைப் பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் நடத்துகிறோம். மாணவர்கள் வரையறையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். உண்மையில் அது ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் பொறுப்பு மாறும் தொடர். எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்தால், எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அன்று கரும்பலகையில் இப்படி எழுதினேன்:

1. விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை: மின்சாரம் அல்லது வன்பொருள் கோளாறு. புதுப்பித்தலைக் குறை சொல்ல வேண்டாம். கடற்காற்றின் உப்பு இணைப்புகளை அரிக்கும் நம் பகுதியில் இதை முதலில் பார்ப்பது நல்லது.

2. நிறுவனச் சின்னம் தெரிகிறது, பிறகு ‘தொடங்குவதற்கான வட்டு இல்லை’ என்கிறது: பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ வட்டைக் காணவில்லை, அல்லது தொடங்கும் வரிசை மாறியிருக்கிறது.

3. ‘கிரப்’ என்ற சொல் மட்டும் வந்து நிற்கிறது: பூட் லோடர் தன் கோப்புகளைக் கண்டுபிடிக்கவில்லை.

4. கிரப் பட்டியலைத் தாண்டியதும் ‘கெர்னல் பேனிக்’ என்கிறது: கெர்னல் வந்துவிட்டது, ஆனால் வட்டைத் திறக்க முடியவில்லை.

5. வரிகள் ஓடி ‘எமர்ஜென்சி மோடு’ என்று நிற்கிறது: ஏதோ ஒரு வட்டுப் பகுதியை இணைக்க முடியவில்லை அல்லது கோப்பு முறைமையில் பழுது.

6. எழுத்துத் திரையில் பயனர் பெயர் கேட்கிறது, படத்திரை வரவில்லை: சர்வர் தொடங்கிவிட்டது. பெரும்பாலும் திரை டிரைவர்தான் சிக்கல்.

திரையில் இருந்த கடைசி வரிகளைக் கைப்பேசியில் படம் எடுத்து எல்லோருமாகப் படித்தோம். ‘கெர்னல் பேனிக்’, ‘மவுண்ட் ரூட் எஃப்எஸ்’ என்ற சொற்கள் இருந்தன. “நாலாவது சார்!” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

ஏன் நின்றது?

கெர்னலுக்கு வட்டைப் படிக்கத் தேவையான டிரைவர்கள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சிறிய கோப்பில் கட்டுச்சோறு மாதிரி உடன் வர வேண்டும். புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அதற்கென்று ஒரு கட்டுச்சோறு தயாராக வேண்டும். எங்கள் சர்வரில் இவற்றை வைக்கும் பூட் பகுதி மிகச் சிறியது. பழைய கெர்னல்கள் அங்கே குவிந்து இடத்தை அடைத்துவிட்டன. புதிய கெர்னல் வந்து இறங்கியது. அதன் கட்டுச்சோற்றுக்கு இடமில்லை. வெள்ளிக்கிழமை வந்த பிழைச்செய்தி அதைத்தான் சொன்னது.

என்ன செய்தோம்?

புதுப்பித்தல் பழைய கெர்னலை உடனே அழித்துவிடுவதில்லை. கணினியை இயக்கியதும் எஸ்கேப் விசையை அழுத்தி (பழைய பயாஸ் கணினிகளில் ஷிஃப்ட்) கிரப் பட்டியலை வரவழைத்தோம். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு நிமிடத்தில் உள்நுழைவுத் திரை வந்தது. வகுப்பில் எழுந்த கைதட்டல் அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும்.

உடனே பழுது பார்க்கத் தொடங்கவில்லை. முதலில் 46 பேரின் கோப்புறைகளையும் வெளி வட்டில் நகலெடுத்தோம். ஒவ்வொருவரும் தன் கோப்பைத் திறந்து சரிபார்த்தார்கள். பிறகு பூட் பகுதியின் இடத்தைப் பார்த்தோம். இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலை விட்டுவிட்டு, மிகப் பழையவற்றைத் தொகுப்பு மேலாளர் வழியாக நீக்கினோம். கோப்புகளைக் கையால் அழிக்கக் கூடாது. பாதியில் நின்ற நிறுவலை முடித்து, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’, ‘அப்டேட்-கிரப்’ கட்டளைகளை இயக்கி மறுதொடக்கம் செய்தோம். புதிய கெர்னலே வந்தது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உபுண்டுவைப் போல டெபியன் குடும்பம்தான் என்பதால், இதே வழி அதற்கும் பொருந்தும்.

உலகமே நின்ற நாள்

மறுநாள் வகுப்பில் 2024 ஜூலை 19 பற்றிப் பேசினோம். அன்று இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தார்கள். அந்தக் கணினிகளுக்கும் ஃபார்மட் தீர்வாகவில்லை. ‘சேஃப் மோடில்’ தொடங்கி, பிழையான கோப்பை நீக்கினால் போதும். ஆனால் வட்டு பூட்டப்பட்டிருந்த கணினிகளுக்கு மீட்புச் சாவியும் தேவைப்பட்டது. சாவியை எங்கே எழுதி வைத்தோம் என்று தேடியவர்களுக்குத் தாமதமானது.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஆறு நிலைகளையும் ஆறு அட்டைகளில் எழுதுங்கள். பிழைச்செய்திகளின் படங்களைக் குழுக்களுக்குக் கொடுங்கள். ‘எங்கே நிற்கிறது? அடுத்து எதைப் பார்ப்பாய்?’ என்ற இரண்டு கேள்விகள் போதும். ஒரு பாடவேளையில் முடியும். தொடக்க வகுப்பு ஆசிரியர்களும் இதைப் பயன்படுத்தலாம். கடன் வாங்கிக் கழித்தலில் தவறிய குழந்தையின் கணக்கை முழுதாக அழிக்கச் சொல்லாமல், எந்தப் படியில் நின்றது என்று பார்ப்பதும் இதே வேலைதான்.

உயர்தொழில்நுட்ப ஆய்வகச் சர்வர்களில் நாமாகக் கை வைக்க வேண்டாம். திரையைப் படம் எடுத்து, எந்த நிலையில் நின்றது என்று குறிப்பிட்டுப் பராமரிப்புப் பொறுப்பாளருக்குத் தெரிவியுங்கள்.

எங்கள் ஆய்வகக் கதவின் உட்புறம் இப்போது மாணவர்கள் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது: ‘நகல் எடுத்தாச்சா? இடம் இருக்கா? யுபிஎஸ் சரியா? பிழைச்செய்தியைப் படிச்சாச்சா? வெள்ளிக்கிழமை மாலை புதுப்பிக்கக் கூடாது.’ கடைசி வரி எனக்காக எழுதியது.