உன் பட்டியலில் உன் கை எங்கே?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் அதோடு நீ வைத்திருந்த இலக்குப் பட்டியலும் கிடைத்தன. இரண்டு வருஷத்துக்குள் வானொலியில் 'பி ஹை' தரம், மூன்றாம் வருஷம் டிசம்பரில் மியூசிக் அகாடமியில் ஒரு மதியக் கச்சேரி, அதற்குள் ஓர் அமெரிக்கப் பயணம், தினமும் ஐந்து மணி நேரச் சாதகம், நடுவே எஞ்சினீயரிங்கில் ஓர் அரியர்கூட இல்லாமல் தேறுவது. இருபது வயதில் இந்த அளவுகூட ஆசைப்படாவிட்டால் மிருதங்கத்தைத் தொடுவானேன்? ஆசையில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் முதல் மூன்றையும் முடிவு செய்யப்போகிறவர்கள் யார் என்று யோசித்தாயா? தேர்வுக்குழு, சபா செயலாளர், விசா அதிகாரி. உன் கை செய்ய வேண்டிய வேலை என்று அவற்றில் ஒன்றுகூட இல்லை.

மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையை (1908–1962) நினைத்துக்கொள். அவர் இடக்கைக்காரர். மற்றவர்கள் வலக்கையால் வாசிக்கிற வலந்தலையை அவர் இடக்கையால் வாசித்தார். அவர் மேடையேறினால் வயலின்காரர் தம் வழக்கமான இடத்தை விட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார வேண்டும். அதற்கு ஒப்பாதவர்கள் இருந்தார்கள். அந்தக் காரணத்துக்காகவே அவருக்குக் கச்சேரிகள் தட்டிப்போனதுண்டு. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பிடிவாதமாக அவரைத் தம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். வருஷத்துக்கு இத்தனை கச்சேரி என்று பிள்ளை இலக்கு வைத்திருந்தால் அது முழுக்க அடுத்தவர் மனசைப் பொறுத்த கணக்காக இருந்திருக்கும். தொப்பியில் அவர் எழுப்பிய கும்கியின் குழைவுக்கு மட்டும் யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. பழனி பாணி என்று இன்றைக்கும் நாம் பேசுவது அந்த நாதத்தையும் அவருடைய கணக்கையும்தான்.

ஐந்து மணி நேரச் சாதகம் உன் கையில் இருப்பதுதானே என்று கேட்பாய். அது உன் கையில் இருப்பதுதான், ஆனால் அது இலக்கு அல்ல. நேரத்தை மட்டும் குறித்து வைத்தால் நேரம் ஓடிவிடும். பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எவரும் மேதையாகலாம் என்ற பேச்சை நீயும் கேட்டிருப்பாய். 1993-இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் மேற்கு பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து கிளம்பிய எண் அது. 2008-இல் மால்கம் கிளாட்வெல் தம் புத்தகத்தில் அதை ஒரு விதியைப் போலப் பரப்பினார். உண்மையில் அது, முதல் தர மாணவர்கள் இருபது வயதுக்குள் செய்திருந்த தனிச் சாதகத்தின் சராசரி மட்டுமே. அந்தக் குழுவில் இருந்த பத்துப் பேரில் பாதிப்பேர் அந்த எண்ணை எட்டியிருக்கவில்லை என்று எரிக்சனே பிற்பாடு எழுதினார். ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் குறிப்பிட்ட ஒரு குறையை எடுத்துக்கொண்டு அதைத் திருத்துவதுதான் அவர் வலியுறுத்தியது. அந்த நல்ல மாணவர்கள் மதியத்தில் ஒரு குட்டித் தூக்கமும் போட்டார்கள் என்று அதே ஆய்வில் இருக்கிறது. அதை மட்டும் யாரும் பரப்பவில்லை!

உன் கடிதத்தின் ஓரத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாய்: மூன்று மாதத்தில் ஃபரன் என்ற வேகச் சொற்கட்டை மெட்ரோனோமில் 120-க்குக் கொண்டுபோவது. இதைப் பார்த்துத்தான் கொஞ்சம் பயந்தேன். ரூத் கான்ஃபரும் பிலிப் ஆக்கர்மனும் 1989-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்க விமானப்படைப் பயிற்சியாளர்களைக் கணினியின் முன் உட்காரவைத்து, விமானங்களைத் தரையிறக்கும் வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். வேலையே பிடிபடாத ஆரம்பத்தில் 'இவ்வளவு புள்ளி எடு' என்று இலக்கு கொடுத்தபோது அது கற்பதைக் கெடுத்தது. வேலை கைக்குப் பழகிய பிறகு கொடுத்த இலக்கு உதவியது. உன் ஃபரனுக்கும் இது பொருந்தும். விரல்கள் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக உதிர்க்கப் பழகும் முன்னே வேகத்தை இலக்காக்கினால், எண்ணை எட்டுவதற்காகக் கை ஏதாவது ஒரு சொல்லை விழுங்கிவிடும். விழுங்கியது பழக்கமாகிவிட்டால் அதை எடுப்பது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம். இப்போதைக்கு எண்ணை அடித்துவிடு. விளம்பத்தில் நான்கு ஆவர்த்தனம் வாசித்துப் பதிவு செய்து, அதை மிருதங்கம் கற்கும் இன்னொரு மாணவனிடம் போட்டுக்காட்டு. நீ வாசித்த சொற்கட்டை அவன் பிசகாமல் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அவன் எங்கே திணறுகிறானோ அங்கே உன் விரலில் வேலை பாக்கி இருக்கிறது.

இலக்கு என்று நான் சொல்வது இப்படிக் காதால் சோதிக்கக் கூடியதை. 'காலப்பிரமாணம் நிற்க வேண்டும்' என்று உன் பட்டியலில் இருப்பது பிரார்த்தனை. அதையே இப்படி மாற்றிப் பார்: பொங்கலுக்குள், மிஸ்ர சாபுவில், மெட்ரோனோமை எட்டு ஆவர்த்தனம் மௌனமாக்கிவிட்டு வாசிப்பேன், மறுபடி சத்தம் வரும்போது அதோடு ஒட்டி இருப்பேன். பெரும்பாலும் ஓடியிருப்பாய். எல்லா இளைஞர்களுக்கும் ஓடும். மௌனத்தை இரண்டு ஆவர்த்தனமாகக் குறைத்துக்கொண்டு ஆரம்பி.

இரண்டாவதாக ஒன்று சொல்கிறேன், உனக்குப் பிடிக்காது. தனி ஆவர்த்தனத்துக்குப் புதுக் கோர்வைகள் சேர்ப்பதை ஆறு வாரம் நிறுத்திவை. அதற்குப் பதிலாக ஐந்து கிருதிகளின் பல்லவி, அனுபல்லவியைக் கையில் தாளம் போட்டு, சங்கதிகளோடு வாய்விட்டுப் பாடக் கற்றுக்கொள். மிஸ்ர சாபுவுக்கு 'நிதி சால சுகமா', கண்ட சாபுவுக்கு 'பரிதான மிச்சிதே', மீதி மூன்றை ஆதியிலும் ரூபகத்திலும் நீயே தேர்ந்தெடு. குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எடுப்பு எங்கே, எந்தச் சங்கதியில் பாட்டு கனக்கிறது, எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதெல்லாம் பாடினால்தான் தெரியும். பாலக்காடு மணி ஐயரைப் பற்றி இன்றும் முதலில் சொல்வது அவர் பாட்டுக்கு வாசித்ததைத்தான். ஒரு தனிக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் கிடைக்கும். மீதி நேரமெல்லாம் நீ பக்கவாத்தியம். உன் பட்டியலில் அந்த மீதி நேரத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

ஒரே சமயத்தில் இந்த இரண்டு போதும். ஆறு வாரம் வைத்துக்கொள். இரவு வாசித்ததைப் பதிவு செய்து மறுநாள் காலையில் கேள். அன்றிரவே கேட்டால் கையின் ஞாபகம் காதை ஏமாற்றும். எட்டவில்லை என்றால் உன்னைத் திட்டிக்கொள்ளாமல் இலக்கின் அளவைப் பார். பாதியாக வெட்டிக்கொள்ளலாம், தப்பில்லை.

எப்போது, எங்கே என்பதையும் எழுதி வை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்: 'இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்' என்று முடிச்சுப்போட்டு வைத்த தீர்மானம் வெறும் தீர்மானத்தைவிட நன்றாக நிற்கிறது. நமக்கு அது சுலபம். காலையில் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் தொப்பிக்கு ரவை பிசைவேன் என்று எழுதிக்கொள். ரவை பிசைந்தவன் வாசிக்காமல் எழுந்திருக்க மாட்டான்.

செமஸ்டர் தேர்வு மாதத்துக்குத் தனி இலக்கு வேண்டும். அப்போதும் பழைய அளவையே பிடித்துக்கொண்டிருந்தால் நாலு நாளில் இரண்டுமே கைவிட்டுப் போகும். ஹாஸ்டலில் இரவில் வாசிக்கவும் முடியாது. மெஸ்ஸுக்கு நடந்து போகும்போதும் வரும்போதும் ஒரு மோராவைச் சதுஸ்ரத்திலும் திஸ்ரத்திலும் வாயால் சொல். அந்த மாதத்துக்கு அது நிறைவான சாதகம். அரியர் இல்லாமல் தேறுவதையும் இதே மாதிரி உடைத்துப் பார். எந்தப் பாடம், எந்த யூனிட், எந்தக் கிழமை என்று எழுது. கணக்கில் நீ தடுமாறுகிறாய் என்று எழுதியிருந்தாய். கோர்வை போடுகிறவனுக்குக் கணக்கு வராது என்பதை நான் நம்பவில்லை. பழைய வினாத்தாளை நேரம் வைத்துப் போட்டுப் பார்க்காததுதான் காரணமாக இருக்கும்.

வானொலி, அகாடமி, அமெரிக்கா மூன்றையும் கிழித்துப்போடச் சொல்லவில்லை. அவற்றைத் தனித் தாளில் எழுதி வை. தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டிய தேதி வந்தால் விண்ணப்பி, சபாவுக்குக் கடிதம் எழுது. உன் பங்கு அதோடு தீர்ந்தது. யூடியூப் சந்தா எண்ணிக்கையை மட்டும் எந்தத் தாளிலும் எழுதாதே.

நான் உன் வாசிப்பை நேரில் கேட்டவன் இல்லை. ஆகவே இதை எல்லாம் செய்வதற்கு முன் உன் வாத்தியாரிடம் காட்டு. மிஸ்ர சாபு வேண்டாம், ஆதியிலேயே கை ஓடுகிறது என்று அவர் சொன்னால் அவர் சொல்வதைச் செய். ஆறு வாரம் கழித்து எனக்குப் பட்டியல் அனுப்பாதே. வெட்டி ஒட்டாத மூன்று நிமிஷப் பதிவு ஒன்று அனுப்பு. வார்ப்பிடித்துச் சுருதி சேர்ப்பதிலிருந்து பதிவு செய், அதையும் நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்