பாக்சிங் போகணுமா தங்கச்சி? எடை குறையட்டும்னு காத்திருக்காதே!

"ஒரு பத்து கிலோ குறைச்சிட்டு அப்புறம் பாக்சிங் சேர்றேன்க்கா." இப்படிச் சொல்ற தங்கச்சிகளை நிறையப் பார்த்துட்டேன், தம்பிகளையும்தான். அந்தப் பத்து கிலோ குறையறதுக்குள்ள ஆசை வடிஞ்சு போயிடுது. அதனால முதல்லயே சொல்லிடறேன்: பாக்சிங் கத்துக்க எடை ஒரு தடையே இல்லை. 2023-ல தில்லியில நடந்த பெண்கள் உலக சாம்பியன்ஷிப்ல நம்ம சவீட்டி பூரா தங்கம் வாங்கினது 81 கிலோ பிரிவுல. 2025-ல லிவர்பூல்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல நம்ம நூபுர் வெள்ளி வாங்கினது 80 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவுல. பெரிய உடம்புக்குன்னு இந்த விளையாட்டுல முறையான இடமே இருக்கு.

பாக்சர் ஆண்டி ரூயிஸ் கதையையும் தெரிஞ்சுக்கோ. 2019 ஜூன்ல நியூயார்க்ல, கிட்டத்தட்ட 121 கிலோ எடையோட, தொப்பை தெரிய ரிங்குக்குள்ள ஏறினார். எதிர்ல சிலை மாதிரி உடம்போட ஆன்டனி ஜோஷுவா. ஏழாவது ரவுண்டுல ஜோஷுவா தோத்துப் போனார். ஆறு மாசம் கழிச்சு சவுதியில மறுபடியும் ரெண்டு பேரும் மோதினப்போ, ரூயிஸ் 128 கிலோவோட வந்து தோத்தார். சரியா பயிற்சி எடுக்கலைன்னு அவரே ஒத்துக்கிட்டார். ஜெயிச்சப்பவும் அவருக்குத் தொப்பை இருந்துச்சு. ரெண்டாவது தடவை இல்லாமப் போனது தயாரிப்பு. உனக்கும் நான் சொல்ல வர்றது அந்தத் தயாரிப்பைப் பத்தித்தான்.

அப்போ நாளைக்கே போய் கயிறு தாண்ட ஆரம்பிக்கலாமா? வேணாம் கண்ணு. மூச்சு நாலஞ்சு வாரத்துல பழகிடும், தசையும் சீக்கிரம் பலமாயிடும். தசையை எலும்போட பிணைக்கிற நார்களுக்கும் மூட்டைத் தாங்குற நார்களுக்கும் பல மாசம் வேணும். அதனாலதான் மூணாவது நாலாவது வாரத்துல, "ஆஹா, தெம்பா இருக்கே"ன்னு வேகத்தைக் கூட்டுற நேரத்துல, குதிகால் வலியும் முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்பு வலியும் வந்து நிறைய பேரை வீட்டுக்கு அனுப்பிடுது. எட்டுல இருந்து பன்னிரண்டு வாரத்தை உடம்பைத் தயார் பண்றதுக்கு ஒதுக்கு. அந்த நேரத்துல எடை குறைஞ்சா சந்தோஷம். குறையலைன்னாலும் பன்னிரண்டாவது வாரம் கிளாஸ்ல போய் நில்லு.

முதல் வேலை டாக்டர். பிரஷர், சுகர், ஹீமோகுளோபின், தைராய்டு நாலையும் பார்த்துடு. 40 வயசு தாண்டியிருந்தாலோ, வீட்டுல யாருக்காவது சின்ன வயசுல மாரடைப்பு வந்திருந்தாலோ, மாடி ஏறும்போது நெஞ்சு அழுத்தினாலோ, இதயப் பரிசோதனை வேணுமான்னு நீயே வாய்விட்டுக் கேளு. பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோபுரொலால் மாதிரி மாத்திரை போடுறவங்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவா ஏறாது, அவங்க கை வாட்ச் காட்டுற எண்ணை நம்பக் கூடாது. இன்சுலின் போடுறவங்களும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்கிறவங்களும் வெறும் வயித்துல பயிற்சி பண்ணவே கூடாது, சுகர் சட்டுனு இறங்கிடும். கண்ணாடி பவர் மைனஸ்ல ரொம்ப அதிகம்னா கண் டாக்டரையும் ஒரு தடவை பாரு. தலையில அடி படுற விளையாட்டு இது, அந்த மாதிரிக் கண்ணுல விழித்திரை விலகற ஆபத்து கூடுதல்.

இப்போ நடை. பாக்சர்கள் விடிகாலையில ஓடுறதைப் பார்த்துட்டு ஓடணும்னு தோணும். முதல் ஆறு வாரம் உனக்கு வேக நடைதான். நடக்கும்போது ஒரு கிலோ எடை குறைஞ்சா, ஒவ்வொரு அடியிலயும் முழங்கால் மேல விழற சுமை நாலு கிலோ அளவுக்குக் குறையுதுன்னு ஆராய்ச்சி இருக்கு. ஓடினா அந்தச் சுமை இன்னும் ஏறும். வாரத்துல அஞ்சு நாள், நாளைக்கு அரை மணி நேரம் நடந்தா, உலக சுகாதார நிறுவனம் சொல்ற 150 நிமிஷம் வந்துடும். வேகம் சரியான்னு பார்க்க சுலபமான வழி: பேச முடியணும், பாட முடியக் கூடாது. மூணாவது வாரத்துல இருந்து ஒரு நிமிஷம் வேகமா, ரெண்டு நிமிஷம் மெதுவான்னு மாத்தி மாத்திப் போ. பாக்சிங்ல மூணு நிமிஷம் ரவுண்டு, ஒரு நிமிஷம் ஓய்வு. மூச்சு ஏறி இறங்கற அந்தப் பழக்கத்தை நடையிலயே தொடங்கிடலாம்.

சார்பட்டா பரம்பரை படத்துல நாயகன் கபிலன் தொப்பையோட கடற்கரைக்குப் போய், பீடி ராயப்பன் கிட்ட உடம்பை மீட்டு எடுக்கிறதைப் பார்த்து எனக்கும் சிலிர்த்துச்சு. வடசென்னையில தலைமுறை தலைமுறையா இருக்கிற விளையாட்டை 2021-ல தமிழ்நாடு முழுக்கப் பேச வச்ச படம் அது. படத்துல ஒரு பாட்டுல சில நிமிஷத்துல முடியற வேலைக்கு உனக்கு மூணு மாசம் ஆகும். முக்கியமா, மெரினாவுல கால் புதையற மணல்ல போய் ஓடாதே. கால் புதையறதுல கணுக்காலும் குதிகால் நாரும் இழுபடும். மணலை ஒட்டிப் போற நடைபாதையில நட, அது போதும். மே மாசம்னா காலை ஆறரைக்குள்ள முடிச்சிடு.

கயிறு தாண்டறதைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா புதுசா வர்ற கனமான உடம்புக்காரங்க அதிகம் அடிபடுறது இதுலதான். எந்தக் கிளாஸ் போனாலும், "பத்து நிமிஷம் ஸ்கிப்பிங் பண்ணிட்டு வா"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. ஒல்லியான பதினஞ்சு வயசுப் பையனுக்கு அது சூடேத்தற வேலை. 90 கிலோ உடம்புக்கு ஒவ்வொரு குதியும் கெண்டைக்கால்லயும் குதிகால்லயும் விழற அடி. அதனால முதல் நாலு வாரம் குதிக்கவே வேணாம். சுவத்தைப் பிடிச்சு நின்னு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு, பதினஞ்சு தடவை, மூணு சுத்து. அஞ்சாவது வாரம் கயிறு இல்லாமலே கையைச் சுத்திக்கிட்டு, கால் மாத்தி மாத்தி லேசா எழும்பு. தரைக்கும் காலுக்கும் ஒரு அங்குல இடைவெளி போதும். 20 விநாடி பண்ணு, 40 விநாடி நில்லு, அஞ்சு தடவை. ஏழாவது வாரம் கயிறை எடு. சிமென்ட் தரையில வேணாம், ரப்பர் மேட்டோ மரத்தரையோ இருக்கணும், நல்ல ஷூ கட்டாயம். காலையில கட்டில்ல இருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகால் சுருக்குன்னு குத்துச்சுன்னா, ஒரு வாரம் குதிக்காதே.

பலத்துக்கு ஜிம் வேணாம், வீட்டுச் சாமானே போதும். நாற்காலியில உட்கார்ந்து கையை ஊணாம எழுந்திரு, பத்து தடவை. அது சுலபமானா நாற்காலியை மாத்தி இன்னும் தாழ்வான ஸ்டூல் போடு. புஷ் அப்பை முதல்ல சுவத்துல எடு, அப்புறம் சமையல் மேடையில, அப்புறம் கட்டில் விளிம்புல. தரைக்கு அவசரப்படாதே. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கு. ஏன்னா பஞ்சோட, அதாவது குத்தோட, வேகம் பின்னங்கால்ல புறப்பட்டு இடுப்பு திரும்பி வர்றது. புஜம் அதோட கடைசிப் பகுதிதான். ரெண்டு பக்கெட்ல பாதித் தண்ணி ரொப்பி, முதுகை நிமிர்த்தி வீட்டுக்குள்ள நடந்தா, பிடியும் முதுகும் வயிறும் ஒண்ணாப் பலமாகும். மணிக்கட்டுக்கு ஈரத் துண்டை முறுக்கிப் பிழி, ரெண்டு பக்கமும். இதெல்லாம் வாரத்துல மூணு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பண்ணினா போதும்.

அடுத்தது தோள். கிளாஸ்ல முதல்ல தளர்றது கால்னு நினைப்பே. தோள்தான் முதல்ல தளரும். ரெண்டு கையையும் கன்னத்துக்கு நேரா, முழங்கை விலாவை ஒட்டி வச்சுக்கிட்டு, போன்ல டைமர் போட்டு நின்னு பாரு. ஒரு நிமிஷத்துலயே கை தானா இறங்கும். இறங்கின கை வழியாத்தான் அடி உள்ள வரும். அதனாலதான் எல்லா கோச்சும், "கார்டை இறக்காதே"ன்னு தொண்டை கிழியக் கத்தறாங்க. 30 விநாடியில ஆரம்பிச்சு மூணு நிமிஷம் வரைக்கும் கொண்டு வா. டீ கொதிக்கிற நேரத்துல பண்ணிடலாம்.

அது பழகினதும் கண்ணாடி முன்னாடி ஷேடோ பாக்சிங், அதாவது எதிராளி இல்லாம காத்துல குத்திப் பழகறது. வலது கைக்காரின்னா இடது கால் முன்ன, வலது கால் பின்ன, பாதம் தோள் அகலத்துக்கு. முன் கையை நேரா விட்டா ஜாப். பின் கையை விடும்போது பின்னங்காலோட முன்பாதம் திரும்பணும், குதிகால் தூக்கணும். இந்த ரெண்டையும் ரெண்டு மாசம் பண்ணு, ஹூக் எல்லாம் கோச் கிட்ட கத்துக்கலாம். ஒவ்வொரு பஞ்சுக்கும், "ஷ்"னு மூச்சை வெளியே விடு. புதுசா வர்றவங்க ஒரே நிமிஷத்துல மூச்சு வாங்கறதுக்கு எடையை விட, மூச்சை அடக்கறதும் தோளை இறுக்கி வச்சுக்கறதும்தான் காரணம். கட்டை விரலை மடக்கி உள்ள வைக்காதே. ஆள்காட்டி விரல், நடுவிரல் இந்த ரெண்டோட கணுக்கள் படுற மாதிரி குத்து. சுண்டுவிரல் பக்கம் பட்டா அந்தப் பக்க எலும்பு உடையலாம், பாக்சர் எலும்பு முறிவுன்னே டாக்டருங்க அதுக்குப் பேர் வச்சிருக்காங்க. கனமான உடம்பு போடுற பஞ்சுல கனமும் அதிகம், மணிக்கட்டு வளைஞ்சிருந்தா அந்தக் கனம் அத்தனையும் திரும்ப உன் கைக்கே வரும்.

தம்பிகள் இந்த ஒரு பத்தியைத் தாண்டிப் போகலாம். குழந்தை பெத்தவங்களுக்குக் குதிக்கும்போது ஒரு சொட்டு சிறுநீர் கசியலாம். வெளியே சொல்லாம, அதுக்காகவே கிளாஸை விட்டு நின்ன பொண்ணுங்க இருக்காங்க. இதுல வெட்கப்பட எதுவும் இல்லை, நிறைய பேருக்கு வர்றதுதான். சிறுநீரை அடக்கற மாதிரி அந்தத் தசையை அஞ்சு விநாடி இறுக்கி விடு, பத்து தடவை, நாளைக்கு மூணு வேளை. மூணு மாசத்துல நல்ல வித்தியாசம் தெரியும். தெரியலைன்னா மகப்பேறு டாக்டர் கிட்ட கேளு, இதுக்குன்னே பிசியோதெரபி இருக்கு. ஸ்போர்ட்ஸ் பிராவுல காசை மிச்சம் பண்ணாதே. மாட்டிக்கிட்டு கடையிலயே ரெண்டு குதி குதிச்சுப் பார்த்து வாங்கு. தொடை உரசி எரியாம இருக்க முழங்கால் வரைக்கும் இறுக்கமா இருக்கிற ஷார்ட்ஸை உள்ள போடு, மேல எது வேணும்னாலும் போட்டுக்கோ. பயிற்சி முடிஞ்சதும் மார்புக்குக் கீழயும் இடுப்பு மடிப்புலயும் ஈரம் போகத் துடைச்சு, துணி மாத்து. இல்லைன்னா நம்ம ஊர் வேர்வைக்குப் படை வந்துடும். மாதவிலக்கு நாள்ல முடிஞ்சா பண்ணு, முடியலைன்னா படு. அதுக்குக் குற்ற உணர்ச்சி வேணாம்.

சாப்பாட்டைப் பத்தி நிறையப் பேச மாட்டேன், எல்லாரும் உன் கிட்ட அதையேதான் பேசியிருப்பாங்க. பட்டினி கிடந்து பாக்சிங் பண்ண முடியாது. சோத்தைக் கொஞ்சம் குறைச்சு, காயையும் புரதத்தையும் கூட்டு. ஒரு முட்டையில 6 கிராம் புரதம், 100 கிராம் மீன்ல 20 கிராம் பக்கம், வேகவச்ச கொண்டைக்கடலை 100 கிராம்ல 9 கிராம் பக்கம். சிறுநீரகப் பிரச்சினை இல்லைன்னா ஒரு நாளைக்கு 60 கிராமைத் தொடப் பாரு. வாரத்துக்கு அரை கிலோ குறைஞ்சா அது நல்ல வேகம். பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கிட்டு வேர்க்க வேர்க்க எடை குறைக்கிறதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதே. போறது தண்ணி, ஒரு சொம்பு குடிச்சா திரும்பி வந்துடும். சென்னை வெயில்ல அது உயிருக்கே ஆபத்து.

கிளாஸ் தேடும்போது பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஓரமா உட்கார்ந்து பார்க்கக் கேளு. புதுசா வந்தவங்களை முதல் வாரமே ஸ்பேரிங்ல, அதாவது எதிராளியோட மோதற பயிற்சியில, இறக்கி விடுற இடம் வேணாம். மாசக்கணக்குல அடிப்படை கத்த பிறகுதான் அந்தப் பேச்சே. ஸ்பேரிங்கே பண்ணாம வருஷக்கணக்கா பேகும் பேடும் மட்டும் அடிக்கிறவங்க நிறைய இருக்காங்க, அதுவும் பாக்சிங்தான். உடம்பைக் கிண்டல் பண்ணி உற்சாகப்படுத்தறதா நினைக்கிற கோச் கிட்ட நிக்காதே. உன் மூட்டு வலியை முதல் நாளே கேட்டுத் தெரிஞ்சுக்கிற கோச் கிடைச்சா விடாதே.

கையில சுத்திக்கிற ஹேண்ட் ரேப் 180 அங்குலம், அதாவது நாலரை மீட்டர் உள்ளதா வாங்கு. சின்னது வாங்கினா மணிக்கட்டுக்குப் பத்தாது. கிளவுஸ் உன் எடைக்கு 14 இல்லைன்னா 16 அவுன்ஸ். 16 அவுன்ஸ்னா ஒரு கைக்கே கிட்டத்தட்ட 450 கிராம், தோளை ஏன் பழக்கச் சொன்னேன்னு அப்போ புரியும். பொதுக் கிளவுஸ்ல கையை விடாதே, வேர்வை நாத்தத்தோட தோல் நோயும் ஒட்டும்.

முதல் நாள் கோச் கிட்ட, "ஸ்கிப்பிங் அஞ்சு நிமிஷம்தான் சார், மீதிக்கு ஷேடோ பண்றேன்"னு தைரியமா சொல்லு. பேகை முழு பலத்தோட குத்தாதே, முதல் மாசம் பாதி பலம் போதும். மறுநாள் தோள், முதுகு, தொடை எல்லாம் கனத்து வலிக்கும். அது தசை வலி, மெதுவா ஒரு நடை போனா இளகும். மூட்டுக்குள்ள ஒரே இடத்துல குத்துற வலியோ வீக்கமோ இருந்தா அது வேற, அன்னிக்கு ஓய்வெடு, ரெண்டு நாள்ல அடங்கலைன்னா டாக்டர் கிட்ட போ. ரேப்பைத் துவைச்சுக் காயப் போட்டு, சுருட்டி பையில வச்சுக்கோ. ஒரு நாள் இடைவெளி விட்டு ரெண்டாவது கிளாஸுக்குக் கிளம்பு.