பாவிப்பவரே பரீட்சிப்பவர்

மண்வெட்டிக்குப் பிடி போடும் ஆசாரி, பிடியைச் சீவியதும் வாங்க வந்தவரின் கையில் கொடுத்துப் பார்க்கிறார். உறுத்தினால் மீண்டும் சீவுகிறார். "உனக்குப் பிடிக்கத் தெரியவில்லை" என்று அவர் சொல்வதில்லை. கைத்தொலைபேசியில் நமக்குத் தரப்படும் செயலிகளும் கருவிகளே. காலநிலை, சந்தை விலை, பணக் கொடுப்பனவு எனப் பல அலுவல்கள் இன்று அவற்றின் வழியாக நடைபெறுகின்றன. அவற்றையும் பாவிப்பவர் கையில் கொடுத்துப் பார்த்தே திருத்த வேண்டும்.

பெங்களூரில் கண்டது

இந்திராணி மேதியும் அவருடைய சகாக்களும் பெங்களூரில் செய்த ஆய்வொன்று 2006இல் வெளியானது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் வேலை தேடுவதற்கான கணினித் திரையொன்றை இவர்கள் வடிவமைத்தனர். எழுத வாசிக்கத் தெரியாதோருக்கென எழுத்தை நீக்கிப் படங்களைப் போட்டனர். ஆனால் படம் போட்டதனால் மட்டும் எல்லாம் விளங்கிவிடவில்லை. சமையலறைப் படம் ஓர் இடமாகத் தெரிந்ததேயன்றி, அங்கு செய்யும் வேலையாகத் தெரியவில்லை. குழாயிலிருந்து நீர் ஓடுவது போன்ற அசைவுக் குறிகளைச் சேர்த்தபோதே அது வேலையைக் குறிப்பது விளங்கியது. இலக்கங்களை வாசிக்கப் பலருக்குத் தெரிந்திருந்தது. அவற்றை நீக்கத் தேவையிருக்கவில்லை. குரல் விளக்கமும், ஒவ்வொரு திரையிலும் உதவியும் சேர்க்கப்பட்டன. மேசையில் இருந்து யோசித்து இவற்றை அறிந்திருக்க முடியாது.

எத்தனை பேர் தேவை?

பெருங்கூட்டம் தேவையில்லை. ஒரு முறைக்கு ஐந்து பேர் போதும் என்று இத்துறை அறிஞர் ஜேகப் நீல்சன் 2000இல் எழுதினார். அவருடைய கணிப்பின்படி, ஐவரைக் கொண்டே குறைகளில் ஏறக்குறைய 85 வீதத்தைக் கண்டுகொள்ளலாம். பதினைந்து பேரை ஒரே நாளில் அழைப்பதிலும், ஐவரைப் பார்த்துத் திருத்தி, வேறு ஐவரை அழைப்பது மேல். ஆயினும் அந்த ஐவரும் ஒரே வகையினராய் இருத்தலாகாது. முதியவர், பெண், கண் மங்கியவர், புதிதாகத் தொலைபேசி வாங்கியவர் எனக் கலந்திருக்க வேண்டும்.

செய்யும் முறை

1. ஒரு வேலையைக் கொடுங்கள்: "இன்றைய கத்தரிக்காய் விலையைப் பாருங்கள்." எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்ல வேண்டாம்.
2. மனதில் எழுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேளுங்கள்.
3. அவர் தயங்கும்போது உதவ விரையாதீர்கள். தயங்கிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
4. "நல்லாயிருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காக "ஓம்" என்பார்கள். வாய் சொல்வதைவிட விரல் செய்வதைக் கவனியுங்கள்.
5. உண்மையான அடையாள அட்டை இலக்கத்தையோ வங்கி இரகசிய இலக்கத்தையோ பரீட்சிப்பில் பாவிக்க வேண்டாம்.
6. திருத்திய பின் மீண்டும் பரீட்சியுங்கள்.

இதில் நமக்குள்ள பங்கு

ஓர் உதாரணம் எடுப்போம். பயிரழிவு இழப்பீட்டுக்கான செயலியொன்றில் முகவரிக்கு ஒரே கட்டம் இருக்கிறது என வைத்துக்கொள்வோம். சொந்தக் காணியருகே வாழ்பவருக்கு இதில் சிக்கல் இல்லை. இடம்பெயர்ந்த குடும்பமோ ஓர் ஊரில் இருக்கிறது. காணி வேறோர் ஊரில் இருக்கிறது. எதை எழுதுவது? இருக்கும் ஊரை எழுதினால் காணி விடுபடும்; காணியின் ஊரை எழுதினால் கடிதம் வந்து சேராது. வடிவமைத்தவருக்கு இந்த நிலைமை தோன்றியே இராது. நம்மில் ஒருவர் பரீட்சிப்பில் அமர்ந்திருந்தால், முதல் ஐந்து நிமிடத்திலேயே இது வெளிப்பட்டிருக்கும்.

ஆகவே செயலி ஒன்று விளங்காதபோது, "நாங்கள் படிக்காதவர்கள்" என்று ஒதுங்க வேண்டாம். எங்கே தடைப்பட்டோம் என்பதை எழுதி, சங்கத்தின் மூலம் உரியவர்களுக்கு அறிவிப்போம். அந்தக் குறிப்பு முறைப்பாடல்ல. கருவியைச் சீர்செய்ய நாம் கொடுக்கும் உழைப்பு.

கலந்துரையாடலுக்கு

• நமது ஊரில் அதிகம் பாவிக்கப்படும் செயலி எது? அதில் எந்த இடத்தில் பிள்ளைகளின் உதவியை நாடுகிறோம்?
• அச்செயலியைப் பரீட்சிக்க நம்மில் எந்த ஐவரைத் தெரிவு செய்வோம்? ஏன்?