சொன்னது அழியாமல் இருக்கட்டும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆயுள் காப்பீட்டு ப்ரபோசல்களைக் கையாளும் மென்பொருளை எழுதும் குழுவில் சேர்ந்திருக்கிறாய். மகிழ்ச்சி. விண்ணப்பத்தை ஆராய்ந்து முடிவெடுக்கும் அண்டர்ரைட்டர் பெரும்பாலும் ஆளை நேரில் பார்ப்பதில்லை. உன் திரை காட்டுகிற அளவுக்குத்தான் அவருக்கு அந்த மனிதரைத் தெரியும்.

நம்மூர் மீனவர் பகுதியான திரேஸ்புரத்திலிருந்து ஒரு ப்ரபோசல் வருகிறது என்று வைத்துக்கொள். தொழில்: மீனவர். வல்லத்தில் வலை போடுகிறவரும் மீனவர்தான், விசைப்படகில் போகிறவரும், சங்கு குளிக்கிறவரும் மீனவர்தான். முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனாலும் சங்குக்குளிப்பு நிற்கவில்லை. படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றை வாயில் வாங்கிக்கொண்டு கடலடியில் சங்கு தேடுகிறார்கள். ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், உடம்பில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழ்விடும். மூட்டு வலிக்கும், கைகால் முடங்கும், உயிரும் போகலாம். கம்ப்ரசர் இல்லாமல் மூச்சடக்கிக் குளித்தவர்களின் ஆபத்து வேறு வகை. எனவே எத்தனை பாகம் ஆழம், கம்ப்ரசர் உண்டா, வருடத்தில் எத்தனை மாதம் என்று கேட்க இடம் வை. அவருக்குரிய பிரீமியத்தை நியாயமாகப் போடவும், பின்னாளில் அவர் மறைத்துவிட்டார் என்ற பேச்சு எழாமலிருக்கவும் அது உதவும்.

அந்தப் பேச்சு எழுந்தால் என்ன ஆகும்? 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவை முழுக்கப் படி. 2015 திருத்தத்துக்குப் பின், மூன்றாண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் மோசடி என்று நிறுவனம் சொன்னால், பாலிசிதாரர் உயிரோடு இல்லாத நிலையில், அது மோசடியல்ல என்று காட்டும் பொறுப்பு பணம் பெறவேண்டியவர்கள் மேல் விழுகிறது. ஏஜென்ட் கேள்வி கேட்டபோது பக்கத்தில்கூட இல்லாத மனைவி எதைக் காட்டுவார்? நிறுவனத்துக்கு அந்த விவரம் முன்பே தெரியும் என்று நிரூபித்தால் மோசடி வாதம் நிற்காது. பாலிசி பிடித்த ஏஜென்டையும் சட்டம் நிறுவனத்தின் ஆளாகவே கொள்கிறது. ஆனால் அவரிடம் சொன்னதற்குச் சாட்சி வேண்டுமே. அந்தச் சாட்சி உன் டேட்டாபேஸில் இருக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு பதிலோடும் கேட்ட கேள்வி, கேட்ட மொழி, எழுதியவர், எழுதிய நேரம் நான்கையும் சேர்த்து வை. திருத்தினால் பழையது அழியக்கூடாது. திருத்தியவரும் காரணமும் பதிவாகட்டும். நோய் பற்றிய கேள்விகளில் ‘இல்லை’ என்று முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதே. ‘இல்லை’ என்று சொன்னதும் கேட்காமலே விட்டதும் தனித்தனியாக நிற்கட்டும். கூடுதல் பிரீமியம் போட்டால் ஏன் என்று எழுதாமல் அடுத்த திரைக்குப் போக விடாதே.

இன்னொன்று. ஏஜென்ட் பல நேரம் அதே தெருக்காரர், சொந்தக்காரர். ரத்தப் பரிசோதனை முடிவு அவர் கண்ணில் படவேண்டிய அவசியமில்லை. யார் எதைத் திறந்து பார்த்தார் என்ற பதிவும் இருக்கட்டும்.

வெளியிடுவதற்கு முன் சங்கு குளிக்கிற ஒருவரையும் அவர் மனைவியையும் உட்காரவைத்துப் படிவத்தை நிரப்பு. பதிந்ததைத் தமிழில் அச்செடுத்து இருவருக்கும் வாசித்துக் காட்டு. நான் சொன்னது இதுதான் என்று அவரும், எனக்கும் புரிகிறது என்று அந்த அம்மாவும் சொல்லும்வரை உன் வேலை முடியவில்லை.

அன்புடன்,
அண்ணன்