பிள்ளையின் பல்வரிசையை ஏழு வயதில் பாருங்கள்



பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய பிறகே சில பெற்றோர் எங்கள் பல் மருத்துவப் பிரிவைத் தேடி வருகிறார்கள். "முன்பல் தூக்கலாயிருக்கிறது, மூன்று மாதத்தில் சரிசெய்து தரமுடியுமா?" என்பதே அவர்கள் கேள்வி. அதே பெண்ணை ஏழு வயதில் அழைத்து வந்திருந்தால், தாடையின் வளர்ச்சியே சிகிச்சைக்குத் துணைநின்றிருக்கும்.

மேல்பற்களும் கீழ்ப்பற்களும் கடித்துச் சேரும் விதத்தை நாங்கள் 'கடி' என்கிறோம். கோணலான கடியை 1899-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் மூன்று வகையாகப் பிரித்தார். இன்றும் அந்த முறை வழக்கில் உள்ளது.

முதல் வகையில் கடைவாய்ப்பற்கள் சரியாகச் சேரும். ஆனால் மற்றப் பற்கள் நெருக்கியோ, திரும்பியோ, இடைவெளி விட்டோ நிற்கும். அதிர்ஷ்டம் என்று சொல்லப்படும் தெற்றுப்பல் பலருக்கு இப்படி வருவதுதான். அதன் இடுக்கில் உணவு தங்கிச் சொத்தை உண்டாகலாம்.

இரண்டாம் வகையில் கீழ்வரிசை பின்தங்கியிருக்கும். எத்துப்பல் பெரும்பாலும் இதைச் சேர்ந்தது. பிள்ளை தவறி விழுந்தால் இந்தப் பற்களே எளிதில் உடையும்.

மூன்றாம் வகையில் கீழ்வரிசை முன்னே வந்திருக்கும். கீழ் முன்பற்கள் மேல் முன்பற்களுக்கு வெளியே நிற்பதுண்டு. இதற்குப் பத்து வயதுக்கு முன் சிகிச்சை தொடங்குவது நல்லது. வளர்ச்சி முடிந்தபின் சிலருக்குத் தாடை அறுவை சிகிச்சையே வேண்டியதாகும்.

பரம்பரை இதற்கு முக்கியக் காரணம். ஆறு வயதுக்குப் பின்னும் விரல் சூப்பினால் முன்பற்கள் ஒன்றோடொன்று சேராமல் போகலாம். பால்பல்தானே என்று சொத்தையை விட்டுவிடுவதும் தவறு. கடைவாய்ப் பால்பல்லை முன்னதாகவே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியில் வரும் பல்லின் இடத்தை அடைத்துவிடும். ஆறு வயதில் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப்பல் எந்தப் பால்பல்லும் விழாமலே வருவதால், அதையும் பால்பல் என்று எண்ணிப் பலர் கெடவிடுகிறார்கள். அது விழுந்து முளைக்கும் பல் அல்ல.

சிகிச்சை எப்படி நடக்கிறது? கிளிப் போடும்போது கம்பி பல்லை மெதுவாக அழுத்துகிறது. பல் நகரும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. விட்டுவந்த பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. இதை அவசரப்படுத்த முடியாது. பலருக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். கிளிப்பைக் கழற்றிய பின்னும், பல் பழைய இடத்துக்குத் திரும்பாதபடி பிடிப்புக் கருவி அணியவேண்டும்.

ஏழைக் குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். சில வாரங்களுக்கு ஒருமுறை வருவதென்றால் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். பேருந்துக் கட்டணமும் சேரும். பாதியில் நின்றுவிட்டால், வாயிலுள்ள கம்பியைச் சுற்றி அழுக்குப் படிந்து நல்ல பல்லும் கெடும். ஆகவே ஒரு பிள்ளைக்கு உதவ நினைக்கிறவர்கள், கிளிப் மாட்டும் நாளோடு நிறுத்தாமல், கழற்றும் நாள்வரை துணைநிற்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

உங்கள் வீட்டிலும் ஓய்வுநாள் பள்ளியிலும் ஏழு வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். பின்பற்களைக் கடிக்கச் சொல்லி உதட்டை விலக்கிப் பாருங்கள். மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைச் சற்றே மூடி, சற்றே முன்னால் நிற்கவேண்டும். அப்படியில்லையானால் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். உடனே சிகிச்சை தேவைப்படாமலும் இருக்கலாம். எப்போது தொடங்கவேண்டும் என்பது தெரிந்துவிடும்.