இழையும் உறவும்

கதையொன்றின் தொடக்கத்தை மாணாக்கர் ஊன்றிக் கற்கின்றனர். முடிவை அறிய விரைகின்றனர். இடையில் நிற்கும் பகுதியோ பெரும்பாலும் ஆராய்வாரற்றுக் கிடக்கின்றது. ஆயினும், கதையின் உயிர்நிலை அவ்விடையிலேயே உளது. சிலப்பதிகார உரையாசிரியராகிய அடியார்க்குநல்லார் நாடகச் சந்திகளை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்தாக வகுத்து, அவற்றைப் பயிரின் வளர்ச்சியோடு ஒப்பிட்டு விளக்குவர். விதைத்தது முளைத்துத் தழைத்தபின், உள்ளே பொருள் பொதிந்து நிற்கும் நிலையே மூன்றாவதாகிய கருப்பம். அப்போது கதிர் புறத்தே தோன்றாது. எனினும், பின்வரும் விளைவு முழுதும் அதனுள் அடங்கியிருக்கும்.

இவ்விலக்கணம் இக்காலத்து ஜப்பானிய அசைவூட்டச் சித்திரத் தொடராகிய அனிமேக்கும் பொருந்துமோ என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ‘கிமெட்சு நோ யைபா’ என்னும் தொடரின் முதற்பருவத்துப் பத்தொன்பதாம் பகுதி. கோயோஹாரு கொடோகே என்பார் 2016 முதல் 2020 வரை வார இதழொன்றில் வரைந்த சித்திரக் கதையே இத்தொடருக்கு மூலம். யூஃபோடேபிள் நிறுவனத்தார் ஆக்க, ஹரூவோ சொடொசாகி இயக்க, இருபத்தாறு பகுதிகளாக 2019ஆம் ஆண்டு முதற்பருவம் ஒளிபரப்பாயிற்று. பத்தொன்பதாம் பகுதி அவ்வாண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் வெளிவந்தது. ‘ஹினோகாமி’ என்பது அதன் பெயர். தீக்கடவுள் என்பது அதன் பொருள்.

முன் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவாம். காலம், ஜப்பானில் தைஷோ மன்னர் ஆண்ட காலம். மலையில் கரி சுட்டு விற்கும் குடும்பத்தின் மூத்த மகன் தான்ஜிரோ. ஒருநாள் அவன் வீடு திரும்பியபோது தாயும் உடன்பிறந்தாரும் அரக்கனால் மாண்டு கிடந்தனர். எஞ்சிய தங்கை நெசுகோவும் அரக்கியாக மாறினாள். எனினும், மனிதரை உண்ணாமல் தன்னை அடக்கி வாழ்கின்றாள். அவளை மீண்டும் மனிதப் பெண்ணாக்க வேண்டும் என்னும் வேட்கையால் தான்ஜிரோ வாட்போர் பயின்று, அரக்கரை ஒழிக்கும் படையிற் சேர்கின்றான். பகலொளி படாவண்ணம் தங்கையை ஒரு பெட்டியில் வைத்து முதுகிற் சுமந்தே எங்கும் செல்கின்றான்.

அவ்வாறு சென்றவன் நதகுமோ மலையில் ரூயி என்னும் சிறுவனுருவ அரக்கனை எதிர்ப்படுகின்றான். ரூயியின் படைக்கலம் சிலந்தியிழை. அதனினும் கொடியது அவன் அமைத்துள்ள ‘குடும்பம்’. பிற அரக்கரை அச்சுறுத்திப் பிடித்து, நீ தந்தை, நீ தாய், நீ தமையன், நீ தமக்கை எனப் பங்கு பிரித்து அளித்துள்ளான். பங்கில் தவறியவர்க்குத் தண்டனையே பரிசு. அவருள் தாயாக நடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவள், தான்ஜிரோவின் வாள் தன் கழுத்தை நெருங்கியபோது துன்பம் தீர்ந்ததென மகிழ்ந்து தலைகொடுத்தாள். சாவை விடுதலையாக எண்ணச் செய்யும் வீடு எத்தகைய வீடு!

அவ்வுறவு பொய் என்று தான்ஜிரோ துணிந்து கூறுகின்றான். ரூயி சினங்கொள்ள, எஃகினும் உறுதியான இழையிற் பட்டு வாள் முறிகின்றது. அந்நிலையில் நெசுகோ பெட்டியினின்றும் பாய்ந்து, தமையன் மேல் வந்த வெட்டைத் தன் உடலில் ஏற்கின்றாள். ஏவுவாரின்றி ஒருத்தி தமையனுக்காகக் குருதி சிந்தக் கண்ட ரூயி நடுங்குகின்றான். தான் தேடிய மெய்யுறவு இதுவே எனத் தெளிந்தும், அதனைப் பெறும் வழியை அவன் அறியான். “உன் தங்கையை எனக்குக் கொடு, உயிர் தருவேன்” என்கின்றான். தங்கை பண்டம் அல்லள், அவளுக்கும் உள்ளம் உண்டு என்பது தான்ஜிரோவின் மறுமொழி. இவ்வழக்கே பத்தொன்பதாம் பகுதியின் கரு. வாட்போர் அதன் புறவுரு.

நெசுகோ இழைகளிற் கட்டுண்டு அந்தரத்தில் தொங்குகின்றாள். தான்ஜிரோ தான் பயின்ற ‘நீர் மூச்சு’ முறையின் இறுதியான பத்தாம் வடிவத்தையும் ஆடிவிட்டான். அதற்கும் அறாத இழைகள் அவனைச் சூழ்கின்றன. சாவு நெருங்கிய அக்கணத்தில் தந்தையின் நினைவு எழுகின்றது. நோயுற்ற தந்தை, பனி சூழ்ந்த மலையில் வைகறையளவும் தீக்கடவுளுக்கு ஆடிய கூத்து. அக்கூத்தையும் காதணியையும் வழிவழி இடையறாது காத்தல் வேண்டும் என்று அவர் பெற்ற வாக்கு. தான்ஜிரோ நீர் மூச்சை விடுத்துத் தந்தையின் கூத்தையே வாள்வீச்சாக்கிப் பாய்கின்றான். அதே கணத்தில், நினைவிழந்த நெசுகோவின் முன் இறந்த தாயின் உருத் தோன்றித் தமையனைக் காக்குமாறு வேண்டுகின்றது. அவள் கையை மூடி அழுத்த, இழைகளிற் படிந்த அவளது குருதி தீப்பற்றி அவற்றை எரிக்கின்றது. வாளிற் படிந்த குருதியும் வெடித்து, வீச்சுக்கு விரைவு கூட்டுகின்றது. ரூயியின் தலை வீழ்கின்றது. கோ ஷீனா இசையமைத்த பாடல் அவ்விடத்தே ஒலிக்கின்றது.

ஈண்டு ஒரு தடை எழலாம். இடுக்கண் வந்துழி முன்னறியாத ஆற்றல் திடீரெனத் தோன்றுதல், ஆசிரியர் தம் வசதிக்காகச் செய்த தந்திரம் அன்றோ? அன்று. காதணி முதற்பகுதியிலேயே நம் கண்முன் உள்ளது. அசகுசா நகர்ப்பகுதியில் அரக்கர் தலைவனாகிய முசான் அதனைக் கண்டே அஞ்சி, தான்ஜிரோவைக் கொல்ல இருவரை ஏவினான். நெசுகோவின் உள்ளத்திலோ, மனிதரெல்லாம் உன் குடும்பத்தாரே, அவரைக் காப்பாயாக என்னும் எண்ணத்தை ஆசான் உரோகொடாகி அவள் உறங்கும்போதே பதித்திருந்தார். கமாதோ என்னும் அவர்தம் குடும்பப் பெயருக்கு அடுப்பு என்பது பொருள். தீயோடு அக்குடிக்குள்ள தொடர்பு பெயரிலேயே உளது. ஆகவே, புறத்திருந்து வந்தது ஒன்றும் இல்லை. விதைத்ததே ஈண்டுக் கருக்கொண்டது.

இனி, இப்பகுதியின் சிறப்பை அறிய அடுத்த பகுதியையும் நோக்குதல் வேண்டும். தான்ஜிரோவின் வாள் படுவதற்கு முன்னரே ரூயி தன் இழையால் தன் தலையைத் துண்டித்துக்கொண்டான். ஆதலின் அவன் இறந்திலன் என்று அங்கே அறிகின்றோம். அவனைக் கொல்பவர் படையின் பெருவீரராகிய கியூ தொமியோகா. நாம் கொண்டாடிய வெற்றி, வெற்றியன்று என ஆகிவிட்டது. அங்ஙனமாயின் எஞ்சியது யாது? ரூயியின் இழைகள் எரிந்தொழிந்தன. தமையன் தங்கை என்னும் பிணிப்பு அறவில்லை. அவ்வழக்கில் தீர்ப்புக் கூறப்பட்டுவிட்டது. கரிக்காரர் ஆடிய கூத்துக்கு அரக்கரை வெல்லும் ஆற்றல் எங்ஙனம் வந்தது என்னும் பெருவினாவும் எழுந்துவிட்டது. பின்வரும் கதை முழுதும் அவ்வினாவின் விளைவாகும். இதுவே கருப்பச் சந்தியின் இலக்கணம் என்க.

ரூயியின் பழைய வாழ்வும் பின்னர் விளங்குகின்றது. அவனும் ஒருகாலத்து நோயுற்று நடக்கவும் வருந்திய மனிதக் குழந்தை. முசானால் அரக்கனாகி மனிதரைக் கொன்றபோது, தந்தை அழுதவண்ணம் அவனைக் கொன்று தாமும் உடன் மாய எண்ணினார். அதனை அன்பென்று உணராமல் ரூயி பெற்றோரைக் கொன்றான். பின்னர் அவர் உள்ளம் அறிந்தும் மீட்க வழியில்லை. இழந்த அவ்வன்பையே அச்சத்தால் ஈட்ட முயன்றான். அழியும் அவனுடல் தன்பால் ஊர்ந்துவந்தபோது, பகைவனாகிய தான்ஜிரோ இரங்கி அதன் முதுகில் கைவைக்கின்றான். அத்தனை இழைகளாலும் கிட்டாதது, கேளாமலே அக்கையிற் கிட்டியது.

இத்தொடர்களைச் சிறார் விளையாட்டென ஒதுக்குவோரும், வண்ணமும் வேகமும் மட்டுமே கண்டு வியப்போரும் இவ்வொரு பகுதியைப் பொறுமையுடன் நோக்குவாராக. அச்சத்தாற் கட்டிய வீட்டில் உறவினர் வெளியேறும் வாயிலையே தேடுவர். அன்பாற் கட்டிய வீட்டினரோ இறந்தபின்னரும் மக்களுக்குத் துணைநிற்பர். இவ்வுண்மையை ஏறத்தாழ இருபத்துநான்கு நிமிடத்தில், ஓர் அறவுரையும் இன்றி, உள்ளங்கொள்ளக் காட்டியது இப்பகுதி.