திடப்படுத்தல் எடுக்கப்போகும் பிள்ளைகளுக்கு

1. அற்புதத்தைக் கண்ணால் கண்டால் விசுவாசம் தானாக வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். யோவான் 11-ஆம் அதிகாரத்தைக் கடைசிவரை வாசியுங்கள். செத்து நாலு நாளான லாசரு கல்லறையிலிருந்து எழுந்து வருகிறான். பார்த்தவர்களில் அநேகர் இயேசுவை விசுவாசித்தார்கள். சிலரோ நேராகப் பரிசேயரிடம் போய்ச் செய்தி சொன்னார்கள். அங்கே கூடிய ஆலோசனைச் சங்கத்தில் ஒருவரும் அற்புதத்தை மறுக்கவில்லை. இவனை இப்படியே விட்டால் எல்லாரும் அவன் பின்னே போவார்கள், ரோமர் வந்து நம் இடத்தையே பறித்துக்கொள்வார்கள் என்பதுதான் அவர்கள் கவலை. அடுத்த அதிகாரத்தில், உயிர்த்து வந்த லாசருவையும் கொன்றுவிட யோசிக்கிறார்கள்! கொன்றால் மறுபடி எழுப்ப மாட்டாரா என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை போலும்.

2. ஆகவே மனம் நம்ப மறுக்கும்போது, எதை விட்டுக்கொடுக்க மனமில்லை என்றும் உங்களைக் கேட்டுப் பாருங்கள்.

3. பெற்ற நன்மைகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செங்கடலைக் கடந்தவர்கள் பாட்டுப் பாடியதும், மூன்று நாள் நடந்து மாராவின் கசந்த தண்ணீரைக் கண்டு முறுமுறுத்ததும் யாத்திராகமத்தில் ஒரே அதிகாரத்தில்தான் இருக்கின்றன. நமக்கு நன்மையை மறக்க மூன்று நாள்கூட வேண்டாம்.

4. சந்தேகம் வந்தால் மறைக்காதீர்கள். மாற்கு 9-இல் வரும் தகப்பன், விசுவாசிக்கிறேன் என்ற அதே மூச்சில் தன் அவிசுவாசம் நீங்கவும் உதவி கேட்டான். இயேசு அவனைக் கடிந்து அனுப்பவில்லை. அவன் பிள்ளை சுகமானான். தாம் உயிர்த்தெழுந்ததை நம்ப மறுத்த தோமாவுக்கும் எட்டு நாள் கழித்துத் தம் காயங்களைக் காட்டினார். சந்தேகத்தை அவரிடமே கொண்டுபோங்கள்.

5. கேட்டது கிடைக்காத நாளும் வரும். தானியேல் 3-இல் அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபர், எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், தப்புவிக்காமற்போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். பவுல் மூன்றுதரம் வேண்டியும், மாம்சத்தில் ஒரு முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்கவில்லை. எனவே நோயாளியின் கட்டிலருகே நின்று, "உனக்கு விசுவாசம் போதாது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். மாத்திரையை நிறுத்து என்று எந்தப் போதகர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

6. வருகிற ஞாயிறு வகுப்புக்கு மாற்கு 6-ஆம் அதிகாரம் வாசித்து வாருங்கள். இயேசுவோடு கூடவே வளர்ந்த நாசரேத்தூரார் ஏன் இடறினார்கள் என்று கேட்பேன்.